டைரியைக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. வங்கியில் வேலை. ஆவணியில் நிச்சயம் முடிந்து, தையில் திருமணம். பெண் பள்ளி ஆசிரியை. தினமும் இரவு போனில் பேசிக்கொள்கிறோம். அவளை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இதற்கு முன் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணை மூன்று ஆண்டுகள் காதலித்தேன். வீட்டில் சம்மதிக்கவில்லை, பிரிந்துவிட்டோம். அந்த மூன்று ஆண்டுகளையும் நாள் தவறாமல் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். சமீபத்தில் டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’ நாவலைத் தமிழில் படித்தேன். திருமணத்துக்கு முன் லெவின் தன் டைரியைத் தான் கட்டிக்கொள்ளப்போகும் கிட்டியிடம் கொடுக்கிற இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நானும் என் மூன்று டைரிகளையும் அவளிடம் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். அக்கா ‘மூச்சு விடாதே’ என்கிறாள். நண்பன் சிரிக்கிறான். உண்மையான காதலில் ஒளிவுமறைவு கூடாது என்றுதானே டால்ஸ்டாய் சொல்கிறார்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

டைரியைக் கொடுக்காதீர்கள். விஷயத்தைச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு காரியங்கள். அந்த வித்தியாசம் உங்கள் அக்காவுக்கும் புரியவில்லை, உங்களுக்கும் புரியவில்லை. சிரிக்கிற நண்பரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லெவின் டைரியைக் கொடுத்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அரைப் பக்கம் முன்னதாகவே மூடிவிட்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம். அடுத்து நடப்பதை உங்கள் கடிதத்தில் காணவில்லை. கிட்டியின் தந்தையிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் லெவின் டைரியைக் கொடுக்கிறான். கடவுள் நம்பிக்கை இல்லாதவன் என்பதும், பிரம்மச்சாரி வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவன் என்பதும் அவனை அரிக்கிற இரண்டு விஷயங்கள். முதலாவதைக் கிட்டி பொருட்படுத்தவே இல்லை. இரண்டாவதைப் படித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுகிறாள். அன்று மாலை நாடகத்துக்குப் போகும் முன் அவளைப் பார்க்க வருகிறான் லெவின். அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். மேசை மேல் கிடக்கும் நோட்டுகளைத் தள்ளி, இந்தப் பயங்கரமான புத்தகங்களை எடுத்துக்கொண்டு போங்கள், ஏன் என்னிடம் கொடுத்தீர்கள் என்கிறாள். உடனே அவன் மேல் இரக்கப்பட்டு, இல்லை, கொடுத்ததே நல்லது என்றும் சொல்கிறாள். மன்னித்துவிட்டேன், ஆனாலும் பயங்கரம், பயங்கரம் என்கிறாள். மன்னித்த பிறகும் அவள் வாயில் நிற்பது அந்தச் சொல்தான்.

அந்த இடத்தில் டால்ஸ்டாய் போகிறபோக்கில் ஒன்று எழுதுகிறார். தங்களுக்குள் ரகசியம் கூடாது என்று லெவின் தீர்மானித்திருந்தான். ஆனால் அவள் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கவில்லை. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்கும் அதுதான் பட்டது. ‘எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது’, ‘நாள் தவறாமல் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்’, ‘நானும் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறேன்’ என்று எத்தனையோ ‘நான்’ இருக்கிறது. ஒரு ஞாயிறு மதியம், அவள் தன் வீட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த டைரியின் 112ஆம் பக்கத்தைப் படிக்கும்போது அவளுக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி இல்லை.

டால்ஸ்டாய்க்கு இது கற்பனை இல்லை. 1862 செப்டம்பரில் அவருக்கு 34 வயது, அவர் மணந்த சோஃபியாவுக்கு 18. நிச்சயத்துக்கும் திருமணத்துக்கும் நடுவே ஒரே வாரம். அந்த ஒரு வாரத்தில் தன் பழைய டைரிகளை அவளிடம் படிக்கக் கொடுத்தார். சூதாட்டம், விலைமாதர், பண்ணையில் வேலை செய்த அக்சீனியா என்ற திருமணமான குடியானவப் பெண்ணோடு இருந்த உறவு, எல்லாம் அதில் இருந்தன. சோஃபியா மணமகளாகப் போய் இறங்கியதும் அதே யாஸ்னயா பல்யானா பண்ணையில்தான். அந்த அக்சீனியா வீட்டுத் தரை துடைக்கவும் வந்து போனாள். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத டிசம்பரில் சோஃபியா தன் டைரியில் பொறாமையால் வெந்து எழுதியிருக்கிறாள். படித்த வரிகள் அப்படியே மனத்தில் நின்றுவிட்டன. ஆயுள் முழுவதும் ஒருவர் டைரியை ஒருவர் படிக்கும் வழக்கம் அந்த வீட்டில் தொடர்ந்தது. 1910இல், 82 வயதில், டால்ஸ்டாய் தனக்கென்று மட்டும் ஒரு ரகசிய டைரி வைத்துக்கொண்டு அதைப் பூட்ஸுக்குள் ஒளித்து வைத்தார். சோஃபியா அதையும் கண்டுபிடித்துவிட்டார். அந்த அக்டோபரில்தான் டால்ஸ்டாய் விடியும் முன் வீட்டை விட்டுப் போனார். அஸ்டாபவோ என்ற ரயில் நிலையத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் இறந்தார். 48 ஆண்டு மணவாழ்க்கை, 13 பிள்ளைகள். எல்லாம் அந்த டைரியால் வந்தது என்று சொன்னால் அது அபாண்டம். அவர்களுக்குள் சொத்து, எழுத்து உரிமை, சீடர்கள் என்று நூறு சண்டை. ஆனால் டைரியைத் தூக்கிக் கொடுப்பதால் மறைவே இல்லாத மணவாழ்க்கை அமைந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்தப் பூட்ஸே பதில்.

கிட்டியிடம் லெவின் டைரி கொடுக்கும் காட்சியை டால்ஸ்டாய் எழுதியது தன் திருமணம் முடிந்து பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அவர் அதைப் பரிந்துரையாக எழுதவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன்.

இனி உங்கள் அக்கா. அவர் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. ஆனால் அவர் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் காதலித்த பெண் உங்களோடு வேலை பார்த்தவர். அப்படியென்றால் உங்கள் கிளையில் பத்துப் பேருக்காவது தெரியும். அந்தப் பத்துப் பேரும் கல்யாணத்துக்கு வருவார்கள், பந்தியில் உட்காருவார்கள், ஒருவர் காதில் ஒருவர் பேசுவார்கள். பரிமாற வந்த பெண்ணின் சித்தி மகள் காதில் விழ எத்தனை நேரம் ஆகும்? அந்த நாவல் தொடங்குவதே அப்படி ஒரு வீட்டில்தான். அன்னாவின் அண்ணன் ஸ்டீவாவுக்கு வேறொரு பெண்ணோடு இருந்த உறவைக் காட்டிக்கொடுக்கும் சீட்டு, அவன் மனைவி டாலியின் கையில் கிடைத்துவிடுகிறது. அவள் அதை நீட்டி இது என்ன என்று கேட்கும்போது அவன் முகத்தில் வழக்கமான, அசட்டுச் சிரிப்பு ஒன்று வந்துவிடுகிறது. துரோகத்துக்குச் சமமாக அந்தச் சிரிப்பும் டாலிக்கு வலிக்கிறது. உங்கள் பழைய காதலை ஸ்டீவாவின் துரோகத்தோடு நான் ஒப்பிடவில்லை. நீங்கள் தவறே செய்யவில்லை. ஆனால் பிறர் வாயிலிருந்து வந்து சேர்ந்தால், நடந்து முடிந்த காதல்கூட மறைத்த குற்றமாக நிறம் மாறிவிடும். என்னிடம் வருகிற தம்பதிகளில் ‘அது இருந்ததற்காக இல்லை அம்மா, எனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததே’ என்று சொல்லாத பெண் அபூர்வம்.

ஆகவே சொல்லத்தான் வேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி. நீங்கள் லெவினைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நினைக்கிறீர்கள். அதே நாவலில் கிட்டியைப் பாருங்கள் என்கிறேன்.

ஏழாம் பாகத்தின் தொடக்கம். திருமணமாகி, கிட்டி நிறைமாதமாக மாஸ்கோவில் இருக்கிறாள். தந்தையோடு ஒரு முதிய சீமாட்டியின் வீட்டுக்குப் போன இடத்தில் விரான்ஸ்கியைச் சந்திக்கும்படி ஆகிவிடுகிறது. லெவினை மறுக்கும் அளவுக்கு அவள் ஒருகாலத்தில் மனம் கொடுத்தது அவனுக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் தானாகவே லெவினிடம் சொல்கிறாள். லெவின் முகம் அவளைவிடச் சிவந்துபோகிறது. ஒன்றும் கேட்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்க்கிறான். அவளுக்கு மேலே சொல்ல வரவில்லை. நீங்கள் அங்கே இல்லாமல் போனீர்களே என்று வருந்துகிறாள். எதிரில் நின்று பார்த்திருக்க வேண்டாமாம், ஏதாவது இடுக்கு வழியாக அவன் பார்த்திருக்க வேண்டுமாம்! இப்போது சிவக்கிற அளவுக்கு அங்கே என் முகம் சிவக்கவில்லை என்கிறாள், கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிவந்துகொண்டே. அவள் கண்களைப் பார்த்து லெவின் தணிகிறான். கேள்வி கேட்க ஆரம்பிக்கிறான். அவளுக்கு வேண்டியிருந்ததும் அதுதான் என்று எழுதுகிறார் டால்ஸ்டாய். அவன் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொல்கிறாள், முதல் நொடியில் முகம் சிவந்தது உட்பட. கடைசியில் லெவின் குழந்தைபோல் மகிழ்ந்துவிடுகிறான்.

நடந்ததை நடந்தவுடன், தானாக, இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். பிறகு கேள்விக்கு வழி விட்டாள். கேட்கிறவன் தாங்குகிற அளவைக் கேட்கிறவனே தீர்மானித்துக்கொண்டான். டைரிக்கு அந்த வசதி கிடையாது. அது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை. 40ஆம் பக்கத்தில் அவள் கண் கலங்கியது தெரிந்து 41ஆம் பக்கம் தன்னை நிறுத்திக்கொள்வதில்லை.

நிச்சயமான ஆரம்ப நாளில் கிட்டியும் லெவினிடம் சொல்லியிருந்தாள்: இனி எனக்கு எதற்கும் பயமில்லை, எல்லாம் தெரிய வேண்டும். உங்கள் பெண்ணும் போனில் அப்படிச் சொல்லக்கூடும். சொன்னால் நம்பிவிடாதீர்கள். அவள் பொய் சொல்லவில்லை, ‘எல்லாம்’ என்பதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒரு சம்பவம். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் திருமணமான ஒரு பெண் வேறு ஏதோ பிரச்சினைக்காக என்னிடம் வந்தார். பேச்சுவாக்கில், தான் கனகாம்பரம் வைப்பதே இல்லை என்றார். திருமணமான இரண்டாவது வாரம், கணவர் நல்ல மனிதர், மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பழைய காதலைச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது, மல்லிகையோடு கனகாம்பரம் சேர்த்துக் கட்டினால் அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு பிடிக்கும் என்றும் சொல்லிவிட்டார். அவருக்கு அது நினைவுகூட இல்லை. இந்த அம்மாவோ பதினான்கு ஆண்டுகளாகப் பூக்காரியிடம் ‘கனகாம்பரம் வேண்டாம், வெறும் மல்லி கொடு’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். காதல் இருந்தது என்ற செய்தியை அவர் ஒரு மாதத்தில் செரித்துவிட்டார். பூ செரிக்கவில்லை. உங்கள் டைரியில் மூன்று ஆண்டுப் பூக்கள் இருக்கும்.

இன்னொன்று. அந்த டைரிகள் உங்களுடையவை என்று நினைக்கிறீர்கள். பாதி அந்த இன்னொரு பெண்ணுடையவை. அவர் நம்பிச் சொன்னவை, அழுதவை, அவர் வீட்டு விஷயங்கள் எல்லாம் அதில் இருக்கும். இன்று அவரும் ஒரு வீட்டில் மருமகளாக இருக்கலாம். அவரைக் கேட்காமல் அவற்றை மூன்றாம் ஆள் கையில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒன்றரை வரிதான் இருந்தது. அதனால் கேட்கிறேன்.

சொல்லும் விதத்துக்கு வருகிறேன். போனில் வேண்டாம், அதுவும் இரவு பதினொரு மணிக்கு வேண்டவே வேண்டாம். போனை வைத்த பிறகு அவள் விடிய விடியத் தனியாக இருப்பாள். நேரில், பகலில், பேசி முடித்தபின் எழுந்து வீட்டுக்குப் போகிற மாதிரியான இடத்தில் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு, முதலிரவில் என்ற யோசனை இருந்தால் கைவிடுங்கள். அப்போது அவளால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாத இடத்தில் வைத்து உண்மை பேசுவது நேர்மையில் சேராது. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் சொல்லுங்கள்.

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஒரு பெண்ணைக் காதலித்தேன், மூன்று ஆண்டு, என்னோடு வேலை பார்த்தவர், வீட்டில் சம்மதிக்கவில்லை, முடிந்துவிட்டது. இப்போது தொடர்பு உண்டா இல்லையா என்பதை மட்டும் மழுப்பாமல் சொல்லுங்கள். அவர் இன்னமும் அதே கிளையில்தான் வேலை செய்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் அது அவள் நாளை வாழப்போகிற வாழ்க்கை. அந்தக் காதலால் கடன், வழக்கு, உடல்நலம் என்று ஏதாவது மிச்சம் இருந்தால் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். மற்றபடி எந்தக் கடற்கரை, என்ன பாட்டு என்பதெல்லாம் வேண்டாம். அவள் கேட்டால்? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். அவளுக்குச் சங்கடமான பதிலாக இருந்தாலும் பொய் சொல்லாதீர்கள். ‘அவளை மாதிரி நான் இல்லையோ’ என்று வந்தால் ஒப்பிட்டுப் புகழவும் வேண்டாம். புகழ்ச்சியானாலும் ஒப்பீடு ஒப்பீடுதான்.

‘எனக்குத் தெரிய வேண்டாம்’ என்று நடுவில் நிறுத்தினால் நிறுத்திவிடுங்கள். ‘நான் சொல்லிவிட்டேன், இனி நீ சொல்’ என்று திருப்பிக் கேட்காதீர்கள். அவளுக்கும் ஒரு கதை இருந்து அவளே சொன்னால், லெவின்போல் முகத்தைச் சுளிக்காமல் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். தன் டைரிக்கு மன்னிப்பு வாங்கிய அதே லெவின்தான், வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளி மனைவியிடம் கொஞ்சம் இளித்துப் பேசிவிட்டான் என்று அவனை வண்டியில் ஏற்றி அனுப்பியவன். அந்த அத்தியாயத்தைப் படித்தபோது நீங்கள் யார் பக்கம் இருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், அன்றே மன்னிப்பு கேட்டு வாங்கிக்கொண்டு எழாதீர்கள். மன்னிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. அவளுக்கு வேண்டியது நாலு நாள் அவகாசம். அந்த நாலு நாளும் போன் வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காதலில் ஒளிவுமறைவு கூடாது என்றுதானே டால்ஸ்டாய் சொல்கிறார் என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்வது மட்டும் போதும் என்றால் அந்த நாவலில் அன்னாவை மிஞ்ச ஆளில்லை. குதிரைப் பந்தயத்திலிருந்து திரும்பும்போது, வண்டிக்குள் வைத்தே, விரான்ஸ்கியோடு தனக்குள்ள உறவைக் கணவனிடம் போட்டு உடைத்துவிடுகிறாள். கரேனின் முகம் இறந்தவன் முகம்போல் உறைந்து, வீடு வரும்வரை அசையவில்லை. அவள் மேல் தவறு காண எனக்கு மனமில்லை. மூச்சுமுட்டுகிறவள் ஜன்னலை உடைக்கத்தான் செய்வாள். ஆனால் நீங்கள் ஒரு வீட்டுக்குள் நுழையப்போகிறவர், வெளியேறப்போகிறவர் இல்லை.

டைரிக்குச் சில நாள் முன்பு நடக்கும் அந்தச் சீட்டாட்ட மேசைக் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். லெவினும் கிட்டியும் சாக்கட்டியால் சொற்களின் முதல் எழுத்துகளை மட்டும் எழுதுகிறார்கள். நீண்ட நீண்ட வாக்கியங்கள், முதல் எழுத்தை வைத்தே ஒருவருக்கொருவர் புரிந்துவிடுகிறது. டால்ஸ்டாய் தன் காதலிலிருந்தே எடுத்த காட்சி அது. பத்துப் பதினைந்து எழுத்தில் அத்தனையும் புரிந்துகொண்ட பெண்ணிடம்தான் லெவின் நோட்டு நோட்டாகத் தூக்கிக் கொடுத்து அழவைத்தான். அந்த இரண்டு காட்சிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் படித்துப் பாருங்கள்.

முடிவையும் ஒருமுறை. இரவு, வானத்தில் நட்சத்திரம், தூரத்தில் மின்னல். வாழ்க்கையின் பொருள் தனக்குப் பிடிபட்டுவிட்டது என்று லெவின் உள்ளுக்குள் பொங்கிக்கொண்டிருக்கிறான். கிட்டி வருகிறாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுக்கும்போது அவள் முந்திக்கொள்கிறாள்: மூலை அறையில் உங்கள் அண்ணனுக்கு எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், புது வாஷ்ஸ்டாண்டை வைத்தார்களா என்றும் பாருங்கள். லெவின் அவளை முத்தமிட்டுவிட்டு எழுந்து போகிறான். இதை அவளிடம் சொல்ல வேண்டியதில்லை, இது எனக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறான். திருமணத்துக்கு முன் ரகசியமே கூடாது என்று டைரியைக் கொடுத்த அதே ஆள். அவன் எதையும் மறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு அப்போது வேண்டியது வாஷ்ஸ்டாண்ட்.

டைரிகளை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். எரிக்க வேண்டாம். எரிப்பதும் ஒரு நாடகம்தான். புது வீட்டுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். பீரோவில் அடியில் இருந்தாலும் ஒரு நாள் கையில் அகப்படும். ‘மூச்சு விடாதே’ என்று சொன்ன அக்காவிடமே, உறை போட்டு ஒட்டிக் கொடுத்து வையுங்கள். ஒட்டிவிட்டதை அவரிடம் சொல்லியும் வையுங்கள்.

தையில் கல்யாணம் என்றால் கார்த்திகையில் பத்திரிகை அடிக்கக் கொடுப்பீர்கள். ஐப்பசியில் நாலு ஞாயிறு இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறை மட்டும் விட்டுவிடுங்கள், வீட்டில் ஆள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள்.